ஹசனுக்கு ஓங்கல் காட்டப் போன மூன்று நாள்

மாலத்தீவில் ஒரு படகின் மேல்தட்டில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்ன பொய்யில்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

அங்கே ஒரு தீவு ஓட்டலில் என் தம்பி பாண்டி சமையல் வேலை பார்க்கிறான். படகுத்துறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான் என்று தகவல் வந்ததும், வீட்டில் இடித்த மிளகாய்ப் பொடியையும் கொஞ்சம் கருவாட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அவன் விழுந்த அன்று கடும் மழையாம். வழக்கமாகப் போகும் வேகப்படகுக்காரர்கள் கடலைப் பார்த்துவிட்டு மாட்டோம் என்றிருக்கிறார்கள். ஹசன் என்பவர் மட்டும் அவனை முதுகில் தூக்கித் தன் படகில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி இருக்கும் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகப் பாண்டி என்னிடம் சொன்னான்.

அந்த ஹசனுக்குத் தொழிலே டால்பின் காட்டுவதுதான். என்னையும் ஒரு நாள் இலவசமாக ஏற்றிக்கொண்டார். படகு நிறைய வெள்ளைக்காரர்கள். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் ஐம்பது அறுபது டால்பின்கள் படகுக்கு முன்னால் துள்ளின. ஆளாளுக்குக் கைதட்டினார்கள். ஹசன் என் பக்கத்தில் வந்து, "உங்கள் ஊரிலும் கடல் இருக்கிறது என்று பாண்டி சொல்வான். அங்கே டால்பின் உண்டா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

என் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாயும் பருத்தியும் போடுகிற கரிசல் காடு. கடல் அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். எங்களுக்குக் கடல் என்றால் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் போய் முங்கிவிட்டு வருகிற இடம். மற்ற நாட்களில் அது இருக்கிறதா வற்றிவிட்டதா என்று எங்களில் ஒருவரும் விசாரித்ததில்லை. கடற்கரை ஆட்களோடு கொடுக்கல் வாங்கல் உண்டு, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்துக் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வியில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உண்டா என்றா கேட்கிறீர்கள்? நாங்கள் ஓங்கல் என்போம். கரையில் நின்று கைதட்டினால் வந்துவிடும்," என்றேன். ஓங்கல் என்ற பெயர் தெரியுமே தவிர, அதை நான் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

இந்த மாசியில் ஹசன் மதுரையிலிருந்து போன் செய்தார். அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ளத் தங்கை வந்திருந்தாள். அடுத்த பரிசோதனை வரை அவருக்கு மூன்று நாள் ஓய்வு. கோவில், அரண்மனை எதுவும் வேண்டாம், நீங்கள் சொன்ன ஓங்கலைக் காட்டினால் போதும் என்றார்.

களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நான் கிளம்புவதைப் பார்த்து என் மனைவி, "நல்லா ஓங்கிக் கைதட்டுங்க. அது காதுல விழ வேணாமா," என்றாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு விளையாட்டாக இல்லை. என் தம்பி இரண்டு காலில் நடக்கிறான் என்றால் அது இந்த மனிதரால். பதிலுக்கு எதையும் வாங்க மறுத்தவர், முதல் தடவையாக ஒன்று கேட்கிறார். அதையும் காட்ட முடியாமல் அனுப்பினால் நான் வெறும் வாய்ச்சவடால்காரன் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் குடும்பமே நன்றி கெட்டது என்று ஆகிவிடும்.

முதல் நாள் அவரைக் காரங்காட்டுக்குக் கூட்டிப்போனேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இடியாப்பமும் மீன் குழம்பும் சாப்பிட வைத்தேன். அவருடைய ஊரில் மூன்று வேளையும் சூரை மீன்தான். இங்கே சங்கரா, நகரை, ஊளி என்று இலை நிறைய விதவிதமாக வந்து விழுந்ததில் மனிதருக்குப் பிரமிப்பு. எங்கள் குண்டு மிளகாய் தன் வேலையைக் காட்டியதும் நெற்றி வேர்த்து மூக்கு ஒழுக, இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். எனக்குப் பாதி ஜெயித்துவிட்ட நினைப்பு.

காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். எங்களுக்கு வாய்த்த படகுக்காரர் சூசை. நாற்பது வயது இருக்கும், கறுத்து இறுகிய ஆள். பக்கத்துக் கிராமத்தில் கரைவலைக்குச் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர். வாடைக்காற்று அடங்காததால் ஒன்பது நாளாக வலையே போடவில்லை, அதனால்தான் இங்கே படகு தள்ள வந்திருக்கிறேன் என்றார். இருபது குடும்பம் அந்த ஒரு வலையை நம்பி இருக்கிறதாம். எந்த வீட்டிலும் குழம்புக்குக்கூட மீன் இல்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

தண்ணீர் வற்றுகிற நேரமாகப் பார்த்து நாங்கள் போயிருக்கிறோம். பாதி வழியில் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. நானும் ஹசனும் முழங்கால் வரை சகதியில் இறங்கித் தள்ளினோம். என் செருப்பில் ஒன்று இன்னும் அந்தச் சேற்றுக்குள்தான் இருக்கிறது. ஹசனுக்கு ஒரே உற்சாகம். ஓர் இலையைப் பறித்து அடிப்புறத்தில் படிந்த உப்பை நக்கிப் பார்த்தார். கொக்கும் நாரையும் மேலே எழுந்தபோதெல்லாம் போனில் படம் பிடித்தார். கால்வாய் கடலைத் தொடும் இடத்தில் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் போக முடியாது என்று சூசை படகைத் திருப்பினார்.

ஓங்கலைக் காட்ட வேண்டும் என்று அவரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வரும்ணே. வந்தா பத்து இருபது சேந்து வரும். ஆனா கூப்புட்டா வராது," என்றார். இதை ஹசனுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. காற்று அடங்கினால் வலை போடுவோம், அப்போது வாருங்கள், வலையைச் சுற்றி ஓங்கல் வருவதுண்டு என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் ராமேஸ்வரம். பாம்பன் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலத் தண்ணீரில் கறுப்பாக நாலைந்து முதுகுகள் வரிசையாக ஏறி இறங்கின. நான் எழுந்து நின்று ஹசனின் தோளைக் குலுக்கி ஓங்கல் ஓங்கல் என்று கத்தினேன். பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தது. கண்டக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது வலைக்குக் கட்டுற மெதவைண்ணே, உக்காருங்க," என்றார். நான் உட்கார்ந்தேன். ஹசன் மிகவும் பண்பானவர். மறுபக்க ஜன்னல் வழியாக வெகுநேரம் ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தனுஷ்கோடியில் மணல் முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறந்தால்தானே ஓங்கலைப் பார்க்க. எங்களுக்கு முன்னால் ஒரு வடநாட்டுக்காரர் தன் மனைவியிடம் கையை நீட்டி, அதோ தெரிகிறதே அதுதான் இலங்கை என்று இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் காட்டியது ஒரு மேகத்தை. அந்த அம்மா கும்பிட்டுக்கொண்டார். பாலத்தில் நான் செய்த காரியத்துக்குப் பிறகு அவரைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இருக்கவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் ஹசன் என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கினார். "என் படகிலும் சில நாள் ஒன்றுகூட வராது. அவை சம்பளத்துக்கு வேலை பார்ப்பவை இல்லையே. நீங்கள் வருத்தப்படாதீர்கள், நான் தினமும் பார்ப்பவன்தானே," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தினமும் பார்க்கிறவர் அதற்காக இத்தனை தூரம் வருவாரா? என் வாயிலிருந்து வந்த வார்த்தையை நம்பி வந்திருக்கிறார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று டம்ளரைக் கீழே வைத்தபோது சூசை கூப்பிட்டார். "காத்து விழுந்துருச்சுண்ணே. காலைல வல போடுறோம். வாரீகளா?"

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குச் சூசையின் கடற்கரையில் நின்றோம். முந்தின நாள் பார்த்த கடலா இது என்று இருந்தது, எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. படகு வலையை அரை வட்டமாக விரித்துவிட்டு வந்திருந்தது. வலையின் இரண்டு முனையிலிருந்தும் நீண்ட கயிறுகள் கரைக்கு வர, ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர் பின்னுக்கு நடந்தபடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓரமாக நின்று ஹசனின் பைனாகுலரை வெளியே எடுத்தோம். சூசையின் மனைவி மேரி கயிற்றைப் பிடித்தபடியே எங்களைப் பார்த்தார். "பாக்க வந்தவுகளுக்கு இங்கன எடமில்ல. கயித்தத் தொட்டா பங்காளி. வாங்க," என்றார்.

கயிற்றைத் தொட்டவர் யாராக இருந்தாலும் மீனில் ஒரு பங்கு உண்டு, ஆனால் வலை கரை சேரும்வரை கையை விடக் கூடாது. அதுதான் அங்கே வழக்கம். ஒன்றரை மணி நேரம் இழுத்தோம். மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்று நீர் இறைத்த பரம்பரை என்ற என் பெருமையெல்லாம் அரை மணியில் உள்ளங்கையோடு சேர்ந்து உரிந்துவிட்டது. ஹசனுக்குப் பழக்கமான வேலை, பக்கத்தில் இருந்த பெண்களோடு சேர்ந்து ஏலேலோ போட்டார்.

வலை நெருங்க நெருங்கக் கயிறு கனத்தது. கனக்கக் கனக்க எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது. வலைக்கு மேல் பறவைகள் அடித்துக்கொண்டன. மீன்கள் வெள்ளியாகத் துள்ளின. பாறை மீன் கூட்டமாக மாட்டியிருக்கிறது, பத்து நாள் பட்டினிக்குச் சேர்த்துக் கடல் கொடுத்துவிட்டது என்று மேரி மளமளவென்று பேசினார். பெண்கள் கூடைகளை எடுத்துவரச் சொல்லி ஊருக்குள் குரல் கொடுத்தார்கள்.

அப்போதுதான் வலையின் நடுவில் தண்ணீர் உப்பி, சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய முதுகு எழுந்தது. மாடு மூக்கைச் சிந்துவது போல ஒரு மூச்சுச் சத்தம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஹசனைப் பார்த்து ஓங்கல் என்று கத்தினேன். மூன்று நாள் அவமானமும் அந்த ஒரு சத்தத்தில் போயிற்று.

"ஓங்கலில்லண்ணே. ஆவுளியா," என்றார் சூசை.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் இரண்டு கயிறும் நின்றன. யாரும் உத்தரவு போடவில்லை. ஆவுளியா என்றால் கடல்பசு. கடலுக்கடியில் முளைக்கும் புல்லை மேய்வது. மூச்சுவிட மட்டும் மேலே வரும். வலையில் சிக்கி அடியிலேயே கிடந்தால் சில நிமிடத்தில் மூச்சு முட்டிச் செத்துப்போகும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குப் பசு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

கிணற்றில் விழுந்த மாட்டை நான் எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறேன். கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினேன். இடுப்பளவு ஆழத்தில் அது புரண்டுகொண்டிருந்தது. வால் பக்கமாக வலையோடு சேர்த்துக் கட்டிப் பிடித்து, எல்லாரும் வாங்க, தரைக்கு இழுத்துப் போட்டுவிடுவோம் என்று கூவிக்கொண்டே இழுத்தேன். சூசை பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார். "இழுக்காதீக. தரைக்குப் போனா அதோட கனமே அத அமுக்கிக் கொன்னுரும். விட்டுத் தள்ளி நில்லுங்க."

நான் தள்ளி நின்றேன். அதற்குள் ஹசன் சட்டையோடு இறங்கி, அதன் தலையைத் தன் இரண்டு கையாலும் ஏந்தி, மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டிருந்தார். சின்னக் கண், தொங்கிய தடித்த உதடு, முகத்தில் முள்முள்ளாக மயிர். அதைப் பார்த்துக்கொண்டே அவர் தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார்.

சூசை ஒரு முறை கரையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பெண்கள் கொண்டுவந்த கூடைகள் வரிசையாக இருந்தன. ஆவுளியா வெளியேற வேண்டுமென்றால் வலையின் மேல்கயிற்றைத் தண்ணீருக்குள் அமுக்க வேண்டும். அமுக்கினால் அந்த வழியாக மீனும் போகும். எல்லாருக்கும் இது தெரியும். யாராவது ஒருவர், கொஞ்சம் பொறுங்கள், மீனை அள்ளிக்கொள்வோம் என்று சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். மேரிதான் வாயைத் திறந்தார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? அமுக்கு."

பத்துப் பேர் மேல்கயிற்றின் மீது ஏறி நின்றார்கள். சூசை வாலில் சுற்றியிருந்த வலையைக் கத்தியால் அறுத்தார். ஹசன் தலையைக் கடல் பக்கம் திருப்பிவிட்டார். அது கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தது. ஒரு மூச்சு விட்டது. பிறகு அவசரமே இல்லாமல், எங்கள் கால்களுக்கு நடுவே உரசிக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே பாறை மீன் கூட்டம் மொத்தமும் போனது. பத்து நாள் காத்திருந்த மீன் போவதை முப்பது பேர் நின்று பார்த்தார்கள்.

சற்றுத் தூரத்தில் சாம்பல் முதுகு மீண்டும் எழுந்து மூச்சுவிட்டபோதுதான் கரையில் எல்லாரும் மூச்சுவிட்டார்கள். ஹசன் தண்ணீரிலேயே நின்றார். இருபது வருடமாகக் கடலில் திரிகிறேன், எங்கள் தீவுகளில் இந்த உயிர் இல்லை, இதை நான் பார்த்ததே இல்லை என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வலையை உதறியதில் இரண்டு கூடை தேறியது, அதுவும் பொடி மீன். என் புத்தி சும்மா இருக்கவில்லை. இதைப் பிடித்தால் ஜெயில் என்கிறார்களே, அந்தப் பயமா என்று மேரியிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எங்க மாமனார் காலத்துல கறியே தின்னுருக்காக. நாங்க இல்லன்னு சொல்லல. இப்ப இது மேயுற எடத்துலதான் எறாலும் மீனும் குஞ்சு பொரிக்குதுன்னு எங்களுக்கே தெரியுது. இங்கன எந்த ஆபீசரு நின்னாரு, சொல்லுங்க பாப்போம்," என்றார். கரையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

ஹசன் என்னை நடுவில் வைத்துக்கொண்டு சூசையிடம் பேசினார். நாங்கள் வந்த நேரம் உங்கள் மீன் போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்றார். சூசைக்குக் கூச்சமாகப் போயிற்று. "நீங்க தலையப் புடிக்கலன்னா அது செத்துருக்கும்யா. மீனுக்கென்ன, மத்தியானம் இன்னொரு வல போடுவோம்," என்றார். பிறகு பொடி மீனைப் பங்கு வைத்தார்கள். ஆளுக்கு ஒரு கை. ஹசனுக்கு ஒரு கை, பாதியில் கயிற்றை விட்டு ஓடிய எனக்கும் ஒரு கை. வேண்டாம் என்று நாங்கள் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பஸ்ஸில்தான் ஹசனுக்கு நினைவு வந்தது. மூன்று நாளும் கொக்கையும் நாரையையும் படம் பிடித்தவர், கடல்பசுவை ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. இரண்டு கையும் வேலையில் இருந்ததே.

அவர் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். மூட்டை பிடித்துக்கொண்டிருந்தேன், போன் வந்தது. பின்னணியில் எஞ்சின் சத்தம். ஹசன் படகிலிருந்து பேசினார். இப்போதெல்லாம் டால்பின் காட்டி முடித்ததும் சூசை ஆட்களின் கதையையும் சொல்கிறாராம். அன்றைக்கு வந்த கூட்டம் நம்ப மறுக்கிறது, பட்டினி கிடந்தவன் வலையைத் திறந்துவிடுவானா, படம் எங்கே என்று கேட்கிறது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன், நீங்களே சொல்லுங்கள் என்றார்.

மிளகாய்க் களத்தில் நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், முகம் தெரியாத ஒரு படகு நிறைய ஆட்களுக்குச் சொன்னேன். பத்து நாள், இருபது குடும்பம், பாறை மீன், மேல்கயிறு, கடைசியில் ஆளுக்கு ஒரு கை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல், அந்த மீனவர்கள் உங்களுக்கு யார், சொந்தக்காரர்களா என்று கேட்டது.

என் மனைவி மூட்டை தைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம், எங்க ஆளுக," என்றேன். அதை மட்டும் தமிழில்தான் சொல்ல வந்தது. பாண்டியோடு பழகி அந்த அளவு தமிழ் தெரிந்துகொண்டிருந்த ஹசன் அவர்களுக்கு மொழிபெயர்த்தார்.